போட்டோ எடையைக் குறைக்கக் காசு எதற்கு?

நெய்யாற்றின்கரைக்கும் களியக்காவிளைக்கும் இடையே போய் வருகிறவர்கள் அமரவிளைச் சோதனைச் சாவடியை மறந்திருக்க மாட்டார்கள். சரக்கு லாரிகள் வரிசை கட்டி நிற்கும். பில் இருக்கிறதா, சரக்கு கணக்கோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டி நகரும். 2017 ஜூலை 1ஆம் தேதி சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகளுக்கு வேலையில்லாமற் போயிற்று.

ஆனால் அதே சாலையோரத்தில் வேறொரு சோதனைச் சாவடி முளைத்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. அங்கே நிறுத்தப்படுவது லாரி அல்ல, மனிதனின் முகம். வேலைக்கோ, உதவித்தொகைக்கோ, கல்லூரிக்கோ கம்ப்யூட்டர் வழியே விண்ணப்பம் போடுகிறவர், கேட்ட விவரங்களையெல்லாம் எழுதி முடித்துக் கடைசியில் போட்டோவை ஏற்றும்போது, படம் அனுமதித்த அளவைவிடப் பெரிது என்று ஒரு சிவப்பு வரி வந்து வழிமறிக்கிறது. படித்த பையன்கூட அங்கே திகைத்து நிற்கிறான். கடைசித் தேதியின் இரவாக இருந்தால் அதோடு அந்த வாய்ப்பே போய்விடுகிறது.

பகலாக இருந்தால் கடைக்கு ஓட வேண்டும். பாறசாலை, உதியங்குளங்கரை, நெய்யாற்றின்கரை பஸ் நிலையப் பக்கம் என்று எங்கும் இதற்குக் கடைகள் உண்டு. படத்தைச் சிறிதாக்கித் தருவதற்கு ஒரு தடவைக்குச் சில பத்து ரூபாய் வாங்குகிறார்கள். காசு பெரிதல்ல என்று சிலர் சொல்லலாம். சம்பளக்காரருக்கு அது பெரிதில்லைதான். கட்டட வேலைக்குப் போகிற தொழிலாளிக்கும், பாலராமபுரத்தில் தறியில் உட்காருகிற நெசவாளிக்கும் அந்தக் காசோடு அரை நாள் கூலியும் சேர்ந்து போகிறது. இத்தனைக்கும் அது, கையிலிருக்கும் செல்போனில் காசு செலவில்லாமல் ஐந்தே நிமிடத்தில் முடியக்கூடிய வேலை. இதை எல்லைப்புறத் தமிழர் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அதோடு, இந்தச் சுமை விண்ணப்பதாரர் தலையில் ஏன் வைக்கப்பட்டது என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

இரண்டு மாநிலம், இரண்டு தராசு

1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு கிழித்தாயிற்று, ஆனால் குடும்பங்களைப் பிரிக்க முடியவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், படிக்கப் போவதும் இன்றுவரை கோட்டைத் தாண்டியே நடக்கின்றன. ஆகவே இங்குள்ள ஒரே வீட்டில் அண்ணன் கேரள அரசுத் தேர்வுக்கு எழுதுகிறான். தங்கை வங்கித் தேர்வுக்கு எழுதுகிறாள். மார்த்தாண்டத்திலிருந்து வந்திருக்கும் மாமன் மகன் தமிழ்நாட்டுத் தேர்வுக்கு எழுதுகிறான்.

மூன்று பேருக்கும் மூன்று தராசு. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் 'துளசி' தளத்தில் போட்டோ 150 புள்ளி அகலமும் 200 புள்ளி உயரமும் இருக்க வேண்டும். எடை 30 கே.பி.க்கு மேற்படக்கூடாது. படத்தின் அடியில் விண்ணப்பதாரர் பெயரும் படம் எடுத்த தேதியும் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு 150க்கு 100 புள்ளி. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் போட்டோவை 20 முதல் 50 கே.பி.க்குள்ளும், கையெழுத்தை 10 முதல் 20 கே.பி.க்குள்ளும் கேட்கிறது. வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐ.பி.பி.எஸ். நிறுவனத்தின் கணக்குப்படி போட்டோ 200க்கு 230 புள்ளி, 20 முதல் 50 கே.பி. அதோடு இடது கைப் பெருவிரல் ரேகையும், சொந்தக் கையால் எழுதிய உறுதிமொழியும் தனித்தனி அளவில் வேண்டும்.

இதில் ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். கேரளத்துக்கென்று ஒழுங்காகச் சிறிதாக்கிய படம் பல சமயம் 15 கே.பி. அளவில்தான் இருக்கும். அதையே வங்கித் தேர்வுக்குப் போட்டால், 20க்குக் குறைவு என்று திரும்பி வரும். அங்கே எடை கூடினால் குற்றம். இங்கே குறைந்தால் குற்றம். ஒரே முகம், ஒரே சட்டை, ஒரே சுவர்; ஆயினும் இரண்டு பிரதி வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆகவே எந்த விண்ணப்பமானாலும் அந்த அறிவிப்பில் போட்டிருக்கும் அளவை முதலில் படித்துத் தனித்தாளில் குறித்துக்கொள்வது நல்லது. பாதிச் சிரமம் அதிலேயே தீரும்.

எடை எங்கிருந்து வருகிறது?

போட்டோவின் எடை என்பது தாளின் எடை அல்ல, புள்ளிகளின் கணக்கு. இன்றைய சாதாரணச் செல்போன் எடுக்கும் 12 மெகாபிக்சல் படத்தில் 4000 புள்ளி அகலம், 3000 புள்ளி உயரம். இரண்டையும் பெருக்கினால் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். கேரளத் தேர்வாணையம் கேட்பதோ 150க்கு 200. அதாவது 30,000 புள்ளிகள். 400இல் ஒரு பங்கு போதும் என்கிறார்கள். செல்போன் தருவது நெல் மூட்டை. அவர்கள் கேட்பது ஒரு கைப்பிடி. மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் நின்றால் உள்ளே விடமாட்டார்கள்தானே?

ஆகவே எடையைக் குறைக்க வழி மூன்று. ஒன்று, வேண்டாத ஓரங்களை வெட்டுவது. இரண்டு, புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. மூன்று, அழுத்தத்தைக் கூட்டுவது. முதல் இரண்டையும் செய்தாலே மூன்றாவதற்குப் பெரும்பாலும் அவசியம் வராது. இந்த வரிசையை மாற்றி, பெரிய படத்தை அப்படியே வைத்துக்கொண்டு அழுத்தத்தை மட்டும் கூட்டுகிறவர்களின் படந்தான் கட்டங்கட்டமாகச் சிதைந்து, முகம் அடையாளம் தெரியாமல் போகிறது.

அழுத்தம் என்பது என்ன? படத்தில் கண் கவனிக்காத நுணுக்கங்களை விட்டுவிட்டு மீதியைச் சுருக்கி எழுதி வைப்பதுதான் அது. உலகெங்கும் வழங்கும் 'ஜேபெக்' முறை 1992இல் தர நிர்ணயம் பெற்றது. அதன் அஸ்திவாரமாக அமைந்த கணித முறையை 1974இல் வெளியான கட்டுரையொன்றில் உலகத்துக்குச் சொன்னவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகிய மூவர். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். படத்தைச் சிறிதாக்கும் வித்தையில் இந்தியர் பங்கு இவ்வளவு இருக்க, இந்தியாவின் ஒரு கோடியில் இருக்கும் விண்ணப்பதாரர் அதற்காகக் கடை வாசலில் வரிசையில் நிற்கிறார்.

இந்த முறையின் இயல்பைத் தெரிந்துகொண்டால் படம் எடுக்கும்போதே ஆதாயம் உண்டு. பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் எழுதி வைக்க அதிகமில்லை. படம் எளிதில் சுருங்கும். வாழைத்தோப்புக்கும் ரப்பர் மரத்துக்கும் முன்னால் நின்று எடுத்தால் ஒவ்வொரு இலையும் கணக்கில் வரும்; எடை கூடும். அரசு விண்ணப்பங்களுக்கு வெளிர் நிறப் பின்னணி கேட்கப்படுவதும் வழக்கந்தான். காலையிலோ மாலையிலோ நிழல் விழாத இடத்தில், சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்று போதும்.

காசில்லாத வழிகள்

முதல் வழி, செல்போனிலேயே இருப்பது. கேலரியில் படத்தைத் திறந்து 'எடிட்' என்பதைத் தொட்டால் 'கிராப்' வரும். அதில் மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தைத் தேர்ந்து, தலையும் தோளும் மட்டும் நிற்கும்படி வெட்ட வேண்டும். 150க்கு 200 என்பதும் அதே விகிதந்தான் என்பதால் பிறகு முகம் நீளவோ அகலவோ செய்யாது. சில கம்பெனி போன்களில் அதே இடத்தில் 'ரீசைஸ்' என்ற வசதியும் உண்டு. வெட்டிய படத்தைப் புதுப் பிரதியாகச் சேமிக்க வேண்டும், மூலப்படத்தின்மேல் எழுதிவிடக்கூடாது.

இரண்டாவது வழி, விண்டோஸ் கம்ப்யூட்டரில் கூடவே வரும் 'பெயின்ட்'. ஆபீசில் கம்ப்யூட்டர் முன் உட்காருகிற குமாஸ்தாக்கள் பலர் இதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். படத்தைத் திறந்து, வேண்டிய பகுதியை வெட்டி, 'ரீசைஸ்' என்பதை அழுத்தி, 'பிக்சல்ஸ்' என்பதைத் தேர்ந்து அகலத்தில் 150 என்று போட்டால், சரியாக வெட்டியிருந்தால் உயரம் தானாக 200 ஆகும். பிறகு 'சேவ் ஆஸ்' சென்று ஜேபெக் படமாகச் சேமித்தால் எடை பெரும்பாலும் 30 கே.பி.க்குள் வந்துவிடும். பெயரும் தேதியும் எழுத அதிலேயே எழுத்துக் கருவி இருக்கிறது. படம் சிறிதான பிறகு அந்த எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி, 'ஸ்குவூஷ்' என்னும் இலவசத் தளம். கூகுள் நிறுவனத்தின் குரோம் பிரிவினர் 2018இல் வெளியிட்டது. படத்தைத் திறந்து, அகல உயரத்தைக் கொடுத்து, தரத்துக்கான கோலை இப்படியும் அப்படியும் நகர்த்தினால், எடை எத்தனை கே.பி. என்று அங்கேயே காட்டும். 20க்கு மேல், 50க்குள் என்று கேட்கும் விண்ணப்பங்களுக்கு இது மிகவும் உதவும். கோலை நகர்த்தி வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். இதில் படம் வேறெங்கும் அனுப்பப்படுவதில்லை. வேலை முழுவதும் நம் போனுக்குள்ளேயே நடக்கிறது. கம்ப்யூட்டரில் நிறையப் படங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு 'கிம்ப்' என்ற மென்பொருள் உண்டு, அதுவும் இலவசமே.

நான்காவது வழி எல்லோரிடமும் இருக்கும் வாட்ஸ்அப். படத்தைத் தனக்குத்தானே அனுப்பிக்கொண்டால் அது தானாகச் சுருங்கி, பெரும்பாலும் சில நூறு கே.பி.யாக வந்து சேரும். 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் சுருங்காது, 'எச்.டி.' என்று அனுப்பினாலும் அவ்வளவாகச் சுருங்காது. 30 கே.பி. கேட்கும் இடத்துக்கு இது மட்டும் போதாது. வீட்டுக்கு அனுப்பும் படங்களுக்கும், அளவு தாராளமாக இருக்கும் மனுக்களுக்கும் இது போதும்.

கையெழுத்துக்குத் தனி விஞ்ஞானம் ஒன்றுமில்லை. கோடில்லாத வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் போட்டு, பகல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து படம் எடுத்து, எழுத்தை ஒட்டி நான்கு பக்கமும் வெட்டினால் போதும். முழுத் தாளையும் விட்டுவிட்டுச் சிறிதாக்கினால் கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் ஆகிவிடும். அப்படிப்பட்ட கையெழுத்தால் விண்ணப்பம் தள்ளுபடியானால் யாரையும் குறை சொல்ல முடியாது.

செய்யக்கூடாதவை

கோப்பின் பெயரின் கடைசியில் உள்ள எழுத்துகளை மட்டும் மாற்றினால் படம் ஜேபெக் ஆகிவிடாது. பெயர்ப்பலகையை மாற்றினால் சரக்கு மாறுமா? ஐபோன் வைத்திருப்பவர்களின் படம் வேறு வகையில் பதிவாகும். கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றி வைத்தால் அதன்பின் எடுப்பவை ஜேபெக் ஆகவே வரும். 'ஜிப்' கோப்பாகக் கட்டினாலும் ஜேபெக் படத்தின் எடை சொல்லும்படியாகக் குறையாது. ஏற்கெனவே பிழிந்த துணியை மறுபடி பிழிவதுதான் அது.

ஒருமுறை சிறிதாக்கிய படத்தை மறுபடி பெரிதாக்கினால் போன நுணுக்கம் திரும்பாது. ஆகவே மூலப்படத்தை ஒருபோதும் அழிக்கக்கூடாது. சுருக்கிய பிரதியையே மேலும் மேலும் சுருக்குவதும் கூடாது; ஒவ்வொரு தடவையும் மூலத்திலிருந்தே தொடங்க வேண்டும். கல்யாணப் படங்களுக்கும், ஊரிலிருக்கும் தாய் தந்தையர் படங்களுக்கும் இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். போனில் இடமில்லை என்று எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சுருக்கிவிட்டுப் பின்னால் அச்சுப்போட முயன்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். கூகுள் போட்டோஸ் எல்லையில்லாமல் இலவசமாக வைத்துக்கொண்டிருந்தது 2021 ஜூன் 1ஆம் தேதியோடு நின்றுவிட்டது. இப்போது இலவச இடம் கடிதங்களையும் சேர்த்து 15 ஜி.பி.தான். வேண்டாத வாழ்த்துப் படங்களை அழித்தாலே அதில் கணிசமான இடம் மிச்சமாகும். முகங்களைச் சுருக்குவது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை ஒன்றுண்டு. இலவசமாகச் சுருக்கித் தருகிறோம் என்று சொல்லும் தளங்கள் ஏராளம். பலவற்றில் படம் முதலில் அவர்கள் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கே சுருங்கித் திரும்பி வருகிறது. முகப்படமாயின் போகட்டும்; ஆதார் அட்டையையும், சாதிச் சான்றிதழையும், பத்தாம் வகுப்புச் சான்றிதழையும், கையெழுத்தையும் முன்பின் அறியாத இடத்துக்கு அனுப்பி வைப்பது வீட்டுப் பத்திரத்தைத் தெருவில் போகிறவரிடம் கொடுத்துப் பிரதி எடுத்து வரச்சொல்வதற்குச் சமம். ஒரு தளம் எப்படிப்பட்டது என்று சோதிக்க எளிய வழி உண்டு. பக்கம் முழுதும் திறந்தபின் போனின் நெட் இணைப்பை அணைத்துவிட்டுப் படத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் வேலை நடந்தால் படம் போனுக்குள்ளேயே சுருங்குகிறது என்று பொருள். நடக்காவிட்டால் சான்றிதழ்களை அங்கே கொடுக்காமலிருப்பதே புத்திசாலித்தனம்.

கடைகளுக்கும் இது பொருந்தும். கடைக்காரர்கள் அனைவரும் நேர்மையற்றவர்கள் என்று சொல்வதாகாது. ஸ்டூடியோவை நம்பி வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காக இந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள். சிக்கலான விண்ணப்பங்களுக்கு அவர்கள் உதவி இன்னும் தேவைதான். ஆனால் அவர்கள் கம்ப்யூட்டரில் போய் விழுந்த படங்களை வேலை முடிந்ததும் அழிக்கச்சொல்லிப் பார்த்துவிட்டு வருவது வாடிக்கையாளரின் உரிமை. அதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

யார் பொறுப்பு?

அளவுக் கட்டுப்பாடே அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. 10 லட்சம் பேர் ஆளுக்கு 4 எம்.பி. படம் ஏற்றினால் 4,000 ஜி.பி. ஆகும். ஆளுக்கு 30 கே.பி. என்றால் 30 ஜி.பி.யில் அடங்கிவிடும். கடைசி நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்றும்போது தளம் படுத்துவிடாமலிருக்கவும் கட்டுப்பாடு தேவைப்படலாம். சிக்னல் இல்லாத நேரத்தில் வண்டியை விடமுடியாது என்பதுபோல இதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் சுருக்க வேண்டியது யார் என்பதுதான் கேள்வி. வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிற பாட்டியிடம் எத்தனை புள்ளி, எத்தனை கே.பி. என்று யாரும் கேட்பதில்லை. அது தானே சுருக்கிக்கொள்கிறது. ஸ்குவூஷ் தளம் போனுக்குள்ளேயே சுருக்கிக் காட்டுகிறது. இந்த வித்தை ரகசியமல்ல, விலையும் இல்லை. அப்படியிருக்க, தேர்வுக் கட்டணமும் மனுக் கட்டணமும் வாங்குகிற அலுவலகங்களின் தளங்கள் எந்தப் படத்தைக் கொடுத்தாலும் வாங்கி, வெட்டும் கட்டத்தைக் காட்டி, தாமே சுருக்கி ஏற்றிக்கொள்ளும்படி ஏன் அமையக்கூடாது? லட்சக்கணக்கான விண்ணப்பதாரர்கள் ஆளுக்கொரு முறை கற்க வேண்டிய வேலையை ஒரு தளம் ஒரு தடவை கற்றுக்கொண்டால் போதும். அதுவரைக்குமாவது, எல்லாத் தேர்வு அமைப்புகளும் கூடிப் பேசி ஒரே அளவை வைத்துக்கொள்ளலாம். ரயில் பாதைக்கு ஒரே அகலம் வேண்டுமென்று நாடு முழுவதும் தண்டவாளத்தையே பெயர்த்துப் போட்ட தேசத்துக்கு, போட்டோவுக்கு ஒரே அளவு வைப்பது பெரிய காரியமா?

கேரளம் இந்தத் துறையில் பின்தங்கிய மாநிலமல்ல. 2002இல் மலப்புறத்தில் தொடங்கிய அட்சய மையங்கள் இன்று மாநிலமெங்கும் இருக்கின்றன. திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சியில் தொடங்கிய டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம் விரிந்து, 2025 ஆகஸ்ட் 21ஆம் தேதி முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கேரளம் அறிவிக்கப்பட்டது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். அந்தப் பாடத்தில் இந்த ஒரு பக்கத்தையும் சேர்க்க வேண்டும். போனில் பேசவும் படம் அனுப்பவும் தெரிந்தவருக்கு, தன் முகத்தைத் தானே 30 கே.பி.யில் அடக்கத் தெரிந்தால் எழுத்தறிவு இன்னும் முழுமையாகும்.

தமிழ் பேசுவோருக்கு இதில் தனிக் கோரிக்கை ஒன்றும் உண்டு. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மாநிலத்தின் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்று இடமளித்திருக்கிறது. தாளில் எழுதும் மனுவுக்குக் கொடுத்த உரிமை கம்ப்யூட்டரில் போடும் மனுவுக்கும் வந்து சேர வேண்டும் என்பதே முறை. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி அட்சய மையங்களிலும் ஊராட்சி அலுவலகங்களிலும் போட்டோ, கையெழுத்து அளவு விவரங்களை மலையாளத்தோடு தமிழிலும் ஒரு தாளில் அச்சடித்து ஒட்டிவைக்கலாம். இதற்குப் பெரிய உத்தரவோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. ஒரு தாளும் பசையும் மனமும் போதும்.

ஊரார் செய்யக்கூடியது

அரசு செய்யட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 1945இல் பி.என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கத்தால் இந்த மண்ணில் வாசகசாலை இல்லாத ஊரைக் காண்பது அரிது. பத்திரிகை படிக்க வரும் கூட்டத்தில் கல்லூரி மாணவர் இரண்டு பேர் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், அந்த வட்டாரத்தில் யாரும் இதற்காகக் கடைக்குப் போக வேண்டிவராது. தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழா மேடைக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு துளியை இதற்கு ஒதுக்கலாம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போகும் காலை பாசஞ்சரில் தினமும் ஒன்றாகப் பயணம் செய்யும் சீசன் டிக்கெட்காரர்கள், சீட்டாட்டத்துக்கு நடுவே பக்கத்துச் சீட்டுப் பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால், பாறசாலையில் தொடங்கிய பாடம் நெய்யாற்றின்கரை வருவதற்குள் முடிந்துவிடும்.

வீட்டில் ஒருவர் கற்றால் போதும். முதியோர் உதவித்தொகைக்கு மனுப்போடும் பாட்டிக்கும், வெளிநாட்டு வேலைக்கு எழுதும் தம்பிக்கும் அவரே செய்து கொடுக்கலாம். போனில் ஒரு தனி அடுக்கு வைத்து, அதில் மூலப்படம் ஒன்று, 'கேரளம் 30' என்று ஒன்று, 'வங்கி 50' என்று ஒன்று, அதேபோலக் கையெழுத்தும் எனச் சேர்த்து வைத்துக்கொண்டால் கடைசி இரவின் ஓட்டமெல்லாம் மிச்சம். கேரளத் தேர்வாணையம் விதிப்படி ஏற்றிய படத்தை 10 ஆண்டு செல்லும் என்கிறது. ஒருமுறை ஒழுங்காகச் செய்தால் அங்கே கவலை விட்டது. சில தேர்வுகளுக்கு அண்மையில் எடுத்த படந்தான் வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று பெரியவர்கள் சொன்னது வீட்டைப் பற்றி. இன்று அது போட்டோவுக்கும் பொருந்துகிறது. வேலை தேடும் பிள்ளைகள் மதிப்பெண்ணில் தோற்றால் அடுத்த ஆண்டு படித்து எழுதலாம். கே.பி. கணக்கில் தோற்று, தேர்வு மண்டபத்தின் வாசலைக்கூடப் பார்க்காமல் ஒரு ஆண்டை இழப்பது யாருக்கும் நேரக்கூடாது. அடுத்த அறிவிப்பு வரும் நாளுக்குக் காத்திராமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே வெள்ளைச் சுவரின் முன் நின்று ஒரு படம் எடுத்து, அளவு பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.